காது, மூக்கு, கண்: தீபாவளி விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் நடமாடும் மருத்துவக் குழு நம் பள்ளிக்கு வருகிறது. 2013-இல் நாடு முழுக்கத் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற திட்டத்தின்படி வரும் குழு இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் இத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். நீங்கள் வீட்டில் கவனித்ததை எங்களிடம் சொல்லியிருந்தால், அந்தச் சில நிமிடம் சரியான இடத்தைப் பார்ப்பதில் செலவாகும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று எந்தப் பிள்ளையும் நம்மிடம் வந்து சொல்லாது. கண் மங்கலாகத் தெரிகிறது என்றும் சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். "சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை", "படிப்பில் கவனமே கிடையாது" என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அதற்குக் காது கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் ஆசிரியர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் காது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய், சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் சாய்வு குறைவாகவும் இருக்கும். அதனால் சளி பிடித்தால் அது சீக்கிரமே காதுக்குப் போய்விடுகிறது. சளி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடுவது உண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காது மட்டும் மந்தமாக இருக்கும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும், "என்ன? என்ன?" என்று கேட்கும், பேசுகிறவரின் வாயையே பார்க்கும். வகுப்பில் ஆசிரியர் டிக்டேஷன் சொல்லும்போது இப்படிப்பட்ட பிள்ளை முதலில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் பார்க்கும். அது காப்பியடிப்பது இல்லை, காதில் விழாததை ஈடுகட்டப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

காதில் சீழ் வடிந்தால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும், பூண்டைத் தட்டிப் போட்டு ஊற்றுவதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்விடும். ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி, கடையில் விற்கும் பட்ஸ் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. சீழ் வடியும் பிள்ளை வாய்க்காலிலும் குளத்திலும் குதித்துக் குளிக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் எலும்புப் பகுதி சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் பிள்ளையின் கன்னத்தில் அறையாதீர்கள். கை காதின் மேல் விழுந்தால் செவிப்பறை கிழிந்துவிடும். பள்ளியில் அடி கிடையாது. வீட்டிலும் வேண்டாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதையும் கவனியுங்கள். தட்டு கீழே விழுந்தாலும் திடுக்கிடாத குழந்தை, ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வராத குழந்தை என்றால் உடனே காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காலத்தைக் கடத்த வேண்டாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற, உட்காதில் கேட்கும் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். வயது ஏற ஏறப் பலன் குறைந்துகொண்டே போகும்.

மூக்கு விஷயம் சுருக்கமாக. இரண்டு பக்கமும் ஒழுகினால் அது பெரும்பாலும் சளிதான். ஒரே பக்கம் மட்டும் ஒழுகி, கெட்ட வாடையும் அடித்தால், உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். புளியங்கொட்டை, அழிரப்பர்த் துண்டு, பாசிமணி, மெத்தைப் பஞ்சு என்று கையில் கிடைத்ததெல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மூக்குக்குள் போகும். திட்டுக்குப் பயந்து பிள்ளை வாயே திறக்காது. நீங்களே எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். காதில் பயறு, பட்டாணி மாட்டியிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது பட்டன் பேட்டரி. விளக்கெரியும் பொம்மை, கைக்கடிகாரம், சின்ன ரிமோட் என்று எல்லாவற்றிலும் இருக்கும் அந்த வட்டமான, பளபளக்கும் பேட்டரியைத்தான் சொல்கிறேன். அது மூக்கிலோ, காதிலோ, உணவுக்குழாயிலோ மாட்டிக்கொண்டால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து சதையை அரிக்க ஆரம்பிக்கும். 2 மணி நேரத்துக்குள்ளேயே பெரிய புண் ஆகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் போதும், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். "மலத்தில் வந்துவிடும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். தீபாவளிக்கு வாங்கும் பொம்மைகளில் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைத்துத் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். பிள்ளையை உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் 10 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் மூச்சு விடட்டும். இடையிடையே விரலை எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். ராத்திரி சரியான தூக்கம் இல்லாததால்தான் அது காலை 10 மணிக்கே வகுப்பில் சாமியாடுகிறது. அதைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

கண்ணுக்கு வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்கு எதிரே பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லித் தேதியையும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதையும் கேளுங்கள். பிறகு வலது கண்ணை மூடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் இது வெளியே தெரியவே தெரியாது, நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். மூளையோ மங்கலான கண்ணை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடி போட்டும், நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தும் மீட்டுவிடலாம். அப்புறம் கஷ்டம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு அதிர்ஷ்டமும் இல்லை. அந்தக் கண்ணின் பார்வைதான் போய்க்கொண்டிருக்கிறது. அதைப்போலவே, பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பவர் தெரிந்த பிறகும் போடாமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தமிழ்நாட்டில் 2009 முதல் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால், போட்டோ சரியில்லை என்று ஒதுக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

மெட்ராஸ் ஐ வந்தால் சரியாகும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தாய்ப்பால் விடுவது, போன வருடம் மிச்சமான சொட்டு மருந்தை விடுவது எல்லாம் வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை அதை அமுக்கி விளையாடும்போது பாக்கெட் வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியே வெந்துவிடும். அப்படி ஆனால் ஆட்டோ தேடி ஓடுவதற்கு முன், அதே இடத்தில், இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை 20, 30 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பட்டாசுத் தெறிப்பிலோ, விளக்குமாற்றுக் குச்சியில் செய்த அம்பிலோ கண் கிழிந்திருந்தால் இதற்கு நேர்மாறு. கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாதபடி மேலே வைத்து மூடி, உடனே கூட்டிப் போங்கள்.

கடைசியாக, விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுவது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது. தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் எழாமல் தூங்கி விழுவது. இதில் எது இருந்தாலும் ராத்திரி எந்நேரம் ஆனாலும் 108-க்கு போன் பண்ணுங்கள். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பதை நகர்த்திவிட்டு, நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். முதல் தடவையாக வந்தாலோ 5 நிமிடத்தைத் தாண்டினாலோ 108-தான்.

இது மழைக்காலம், டெங்கு நேரம். டெங்குவில் பலர் ஏமாந்துபோவது காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான். உடம்பு சில்லென்று ஆனதும் "சரியாப் போச்சு" என்று நிம்மதியாகிறோம். ஆனால் காய்ச்சல் இறங்கி வரும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கை கால் ஜில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து படுத்தே கிடந்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை, நடு ராத்திரியில் வயிற்று வலி என்று எழுந்து, இமை தானாக மூடிக்கொள்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்று சொன்னால் கட்டுவிரியனை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கடி வலிக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். மந்திரிக்கப் போகாதீர்கள்.

இத்துடன் ஒரு சம்மதச் சீட்டு இணைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறோம். வீட்டில் கவனித்தது எதுவாக இருந்தாலும் அங்கே எழுதுங்கள். "ராத்திரி வாயைத் திறந்து தூங்குகிறான்", "இடது பக்கம் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்" என்று ஒரு வரி போதும். எழுத முடியாதவர்கள் பள்ளி விடும் நேரத்தில் வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லலாம். பரிசோதனை நாளில் பெற்றோரில் ஒருவர் வர முடிந்தால் நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் பாட்டியையோ சித்தியையோ அனுப்பினாலும் சரி. பள்ளிக்கு இன்னும் வராத தம்பி தங்கைகளையும் கூட்டி வாருங்கள். சீட்டை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி