தமிழ் மென்பொருள் செய்யுறவங்களுக்கு மோல்மீன் பக்கத்துலேர்ந்து ஒரு திறந்த மடல்: முழு ஃபைலா கொடுங்க

அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

தமிழ் கத்துக்குற மென்பொருள், தமிழ் டைப் பண்ற மென்பொருள், எழுத்துரு, அகராதின்னு செஞ்சு வெளியிடுற கம்பெனிக்காரங்க, சொந்த நேரத்துல செய்யுற தம்பி தங்கச்சிங்க, இதுக்குப் பணம் ஒதுக்குற அமைப்புங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன், நெட் இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஏறுற மாதிரி உங்க மென்பொருள முழு ஃபைலா கொடுங்கன்னு கேக்கத்தான். எந்த மென்பொருள்னு பேர் சொல்ல மாட்டேன். ஒரு பேரச் சொன்னா மத்தவங்க இது நமக்கில்லன்னு தாண்டிப் போயிடுவீங்க, எனக்கு நீங்க எல்லாரும் படிக்கணும்.

நான் பர்மாவுல மோல்மீன் பக்கத்து கிராமத்துல கோவில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்குறேன். புள்ளைங்க என்னை சயாமான்னு கூப்பிடுவாங்க, பர்மாக்காரங்க வாத்தியாரம்மாவ அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க ஊர் நெட் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்ல, 2021 மார்ச் 15ல நாடு பூரா மொபைல் டேட்டாவ நிறுத்தினப்ப உங்க ஊர் பேப்பர்லயும்தான் வந்துச்சு, அதுக்கப்புறம் சில எடத்துல வந்துச்சு சில எடத்துல வரவேயில்ல, வந்த எடத்துலயும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. எங்க கிராமத்துல நெட்டே இல்ல. கரண்டும் வந்தா வந்ததுதான். கரண்டு வந்தவுடனே தெருப் புள்ளைங்க எல்லாம் "மீ லா பீ"ன்னு கத்தும், லைட்டு வந்துருச்சுன்னு அர்த்தம், அந்தச் சத்தம் கேட்டாத்தான் நாங்க கம்ப்யூட்டர் பக்கமே போவோம். இந்த மடலக்கூட ரங்கூனுக்குக் கண்ணு காட்ட வந்த எடத்துல தங்கச்சி மவன் ரூம்ல உக்காந்து அவன் போன்ல டைப் பண்றேன்.

வகுப்புக்கு ஒருத்தர் கம்ப்யூட்டர் ஒண்ணு தானமா கொடுத்தாரு, பழசுதான், விண்டோஸ் 10, நல்லா ஓடுது. அதுல தமிழ் எழுத்து கத்துக்குற மென்பொருள் ஒண்ணு போடணும்னு ஆசைப்பட்டேன், எழுத்தத் தொட்டா அதோட சத்தம் வரும், படம் வரும், இலவசம்னு சொன்னாங்க. எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். எங்க புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பர்மிய மொழி, தெருவுல பர்மிய மொழி, வீட்டுல மட்டும் பாட்டி கூட கொஞ்சம் தமிழ். பர்மியப் பேச்சுல ழவும் கிடையாது ளவும் கிடையாது, எல்லாம் ஒரே லதான், ர கூட யவாத்தான் வரும், ரங்கூன்னு இருந்தத யாங்கோன்னு சொல்றது அதனாலதான். அப்ப எங்க புள்ளைங்க மரத்த மயம்னும் பழத்த பலம்னும் சொல்லுதுங்க. என் பல்லு ரெண்டு போயிருச்சு, நான் ழ சொல்லிக் காட்டுனா எனக்கே சரியா வரல. யாராவது நல்லாத் தமிழ் பேசுறவங்க குரல் அந்தப் பெட்டிக்குள்ளேர்ந்து ழன்னு சொல்லணும், புள்ளைங்க கேட்டுச் சொல்லணும், அவ்வளவுதான் நான் கேட்டது.

முதல் தடவை தங்கச்சி மவன் தைப்பூசத்துக்கு ஊருக்கு வரும்போது ரங்கூன்ல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டாந்தான். 2 எம்பி கூட இல்ல. இவ்வளவு சின்னதா இருக்கேன்னு நான் கேட்டதுக்கு, நல்லா செஞ்சிருப்பாங்க பெரியம்மான்னான். ராத்திரி பத்து மணிக்கு மேல கரண்டு வந்துச்சு, கோவில்ல காவடி வேலைக்கு இருந்த புள்ளைங்க எல்லாம் தூங்காம ஓடி வந்துச்சுங்க, டபுள் கிளிக் பண்ணினா ஒரு பச்சைக் கோடு நகருது, நின்னுது, இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்னு வருது. அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது, நீங்க கொடுத்தது மென்பொருள் இல்ல, மென்பொருள நெட்லேர்ந்து எடுத்துட்டு வர்ற ஒரு சின்ன ஆளு. அத டவுன்லோட் பக்கத்துல ஒரு வரி எழுதியிருந்தா நாங்க முன்னூறு கிலோமீட்டர் அதச் சுமந்துட்டு வந்திருக்க மாட்டோம்.

ரெண்டாவது தடவை பர்மாக்காரங்க தண்ணித் திருவிழா லீவுக்கு வந்தான், எங்கயோ தேடிப் பழைய பதிப்பு ஒண்ணு முழுசா கொண்டாந்தான். அது டாட்நெட் 3.5 கேட்டுச்சு, அந்த மென்பொருள் ஓடுறதுக்கு விண்டோஸ்ல இருக்க வேண்டிய ஒரு துணைப் பாகம் அது. விண்டோஸ் 10ல அது தானா இருக்காது, ஆன் பண்ணினா நெட்லேர்ந்து எடுக்கப் போகும், நெட் இல்லன்னா நீளமா ஒரு எரர் நம்பர் வந்து நின்னுடும். விண்டோஸ் டிஸ்க்குல சோர்சஸ் ஃபோல்டருக்குள்ள எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்காம், அதக் காட்டிவிட்டா நெட் இல்லாமலே ஏறுமாம், இத அவன் ரங்கூனுக்குத் திரும்பிப் போய்த் தேடிப் படிச்சு எனக்குப் போன்ல சொன்னான். தானமா வந்த பெட்டிக்கு டிஸ்க் எங்க இருக்கு. செஞ்ச உங்களுக்கு இது தெரியாம இருக்காது, அந்த டாட்நெட்ட உங்க ஃபைல் கூடவே வச்சிருக்கலாமே.

மூணாவதா நடந்ததத்தான் நான் விவரமா சொல்லணும்.

அவனுக்கே பொறுக்காம, பெரியம்மா பெட்டியவே தூக்கிட்டுப் போறேன்னான். சிபியூவ என் பழைய கம்பளியில சுத்தி, அரிசி மூட்டைக் கயித்தால கட்டி, ராத்திரி பஸ்ல ரங்கூனுக்கு. கீழ வச்சா ஆடும்னு மடியில வச்சுக்கிட்டே போயிருக்கான். வழியில சோதனை போட்ட எடத்துல இது என்னன்னு கேட்டு பக்கத்து மூடியத் திறந்து காட்டச் சொல்லியிருக்காங்க, அவன் ஸ்க்ரூ டிரைவர் இல்லாம காசால திருகிக் கழட்டிக் காட்டியிருக்கான், அந்த நேரம் பஸ்ல அத்தனை பேரும் இவனால நின்னு போச்சேன்னு பாக்குறாங்க. ரங்கூன்ல அவன் வேலை செய்யுற கடையில நெட்டுல போட்டு, மென்பொருள ஏத்தி, ஈமெயில் கேட்டதுக்கு அவன் ஈமெயிலக் கொடுத்து பதிவு பண்ணி, முதல் அஞ்சு பாடத்தத் திறந்து பாத்து, எல்லாம் பேசுதுன்னு எனக்குப் போன் பண்ணினான். அந்தப் போன்லயே அ ஆ இ ஈன்னு அந்தம்மா குரல கேக்க வச்சான். நான் அழுதுட்டேன். அப்புறம் அதே கம்பளி, அதே மடி, பர்மாக்காரங்க தீபத் திருவிழா லீவுக்குத் திருப்பிக் கொண்டாந்து வச்சான்.

ஞாயித்துக்கிழமை காலையில அதிசயமா கரண்டும் இருந்துச்சு. அ தொட்டோம், பேசுச்சு. ஆ, இ, ஈ, உ பேசுச்சு. ஊ தொட்டா சத்தமே இல்ல. மறுபடி தொட்டோம். கீழ சின்ன எழுத்துல ஒலிக்கோப்பைத் தரவிறக்க இணையத்துடன் இணைக்கவும்னு இருக்கு. எந்தப் பாடத்த ரங்கூன்ல திறந்தானோ அதுக்கு மட்டும் சத்தம் உள்ள வந்திருக்கு, மத்ததெல்லாம் உங்க சர்வர்லயே இருக்கு. முன்வரிசையில இருந்த ஏழு வயசுப் புள்ள, சயாமா இதுக்கு மேல அந்தம்மாவுக்குத் தெரியாதான்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்லுறது, நீங்களே சொல்லுங்க. நான் எந்த ழவுக்காக இத்தனையும் பண்ணினேனோ அந்த ழ இன்னும் அந்தப் பெட்டியில வரல.

அய்யா, அம்மா, நெட்டே இல்லாத கம்ப்யூட்டர்ல ஏறுற மாதிரி, எல்லாம் உள்ளயே இருக்குற மாதிரி, முழு ஃபைலா கொடுங்க.

சைஸ் பெருசாயிடும்னு சொல்லுவீங்க. தங்கச்சி மவன் கணக்குப் போட்டான். எம்பி3ல 64 கிலோபிட்ல பதிஞ்சா ஒரு செகண்டுக்கு 8 கேபி. தமிழெழுத்து மொத்தம் 247, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு செகண்டுன்னு தாராளமா வச்சாலும் 4 எம்பிக்குள்ள முடிஞ்சுது. நாலு எம்பி! நாங்க முதல்ல சுமந்துட்டு வந்த அந்த ஒண்ணுத்துக்கும் ஆகாத ஃபைலே கிட்டத்தட்ட அதுல பாதி. ஒவ்வொரு எழுத்துக்கும் பத்து வார்த்தை சேத்தாக்கூட பென்டிரைவ்ல ஒரு மூலைக்குக் காணாது. சைஸ் காரணமே இல்ல, நெட் இல்லாத வீடுன்னு ஒண்ணு இருக்குங்குறது உங்க யோசனைக்கு வரல, அதுதான் காரணம்.

முடியாத காரியத்தயும் நான் கேக்கல. கடிதம், கணக்கு எழுதுற லிப்ரெ ஆபிஸ் இன்னிக்கும் ஒரே முழு ஃபைலா கொடுக்குறாங்க, தமிழ்லயும் வருது, உதவிப் பக்கங்களக்கூட தனி ஃபைலா எடுத்துட்டுப் போய் நெட் இல்லாம படிக்கலாம். விண்டோஸுக்குப் பதிலா போடுற டெபியன்னு ஒண்ணு செய்யுறவங்க டிவிடி அளவுக்கு மொத்தமா கொடுக்குறாங்க, டெஸ்க்டாப்போட சேத்து நெட் இல்லாமலே ஏத்தலாம். கிவிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல தமிழ் விக்கிப்பீடியாவயே ஃபைலா எடுத்து வச்சுப் படிக்கலாம், எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, பெரிய புள்ளைங்க படிக்குதுங்க. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல திருக்குறள்லேர்ந்து சங்க இலக்கியம் வரைக்கும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், ஒரு தடவை எடுத்தா எப்பவும் நம்ம கையில, யாரையும் கேக்க வேண்டியதில்ல. அவங்கள நான் தினமும் நெனைச்சுக்குவேன். ரெண்டாயிரம் வருசத்துப் பாட்டு ஒரு ஃபைல்ல அடங்கி எங்க ஊருக்கு வருது, அஆவன்னா வரமாட்டேங்குது.

எங்க அப்பா காலத்துல 1960கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப எங்க ஆளுங்க நடத்துன தமிழ்ப் பள்ளிக்கூடமும் போச்சு. அப்ப கப்பலேறி ஊருக்குப் போனவங்க போயிட்டாங்க, நாங்க இங்கயே இருந்துட்டோம். என் வயசுல தமிழ் பேசத் தெரிஞ்சு எழுதப் படிக்கத் தெரியாதவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க. கையால எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, கிழிஞ்சத ஒட்டித்தான் ஒரு தலைமுறை படிச்சுது. அது எங்க நாட்டு விவகாரம், உங்க மேல குத்தம் இல்ல. ஆனா இன்னிக்கு எங்கயோ நெட் நல்லா ஓடுற ஊர்ல உக்காந்து, உலகத் தமிழ்க் குழந்தைகளுக்காகன்னு பெரிய எழுத்துல போட்டு செய்யுறீங்களே, அந்த உலகத்துல நாங்க இருக்கோமா இல்லயா. நெட் இருக்குற புள்ளைக்கு ஆயிரம் வழி இருக்கு, அது வீடியோ பாத்தே கத்துக்கும். உங்க மென்பொருள் இல்லாம ஆகாதுங்குறவங்க யாரோ அவங்களுக்குத்தான் அது ஏறமாட்டேங்குது. இப்ப விண்டோஸ் 11 ஹோம் புதுசா போடும்போதே நெட் கேக்குது, எல்லாமே அந்தப் பக்கம்தான் போகுது, தமிழாவது அப்படிப் போகாம இருக்கணும்னு கேக்குறேன். கோவமா எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க. நீங்க சம்பளம் வாங்காம ராத்திரி முழிச்சு செய்யுறீங்கன்னு தெரியும், கைகூப்பித்தான் கேக்குறேன்.

முழு ஃபைலுன்னு நான் சொல்றது என்னன்னா, அதுக்கு வேண்டிய டாட்நெட்டோ வேறெதுவோ அதுக்குள்ளயே இருக்கணும். சத்தம், படம், எழுத்துரு எல்லாம் உள்ளயே இருக்கணும். ஈமெயில் கேக்காம திறக்கணும், கேட்டே ஆகணும்னா அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு பட்டன் வைங்க. 4 ஜிபிக்கு மேல போற ஃபைலா இருந்தா ரெண்டாப் பிரிச்சுக் கொடுங்க, ஏன்னா இங்க பாதி பென்டிரைவ் ஃபேட்32, அதுல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், ஃபைல் பக்கத்துல ஷா256 எண்ண எழுதி வைங்க, ஃபைல் வழியில மாறாம அப்படியே வந்திருக்கான்னு அத வச்சுத்தான் பாக்க முடியும். எங்க ஊர்ல ஆப்ஸ் எல்லாம் போன் கடையில காசு கொடுத்து ஏத்துறது, இல்லன்னா நெட் இல்லாம போன்லேர்ந்து போனுக்கு அனுப்புற ஸாப்யாங்குற ஆப்புல கைக்குக் கை அனுப்புறது, நாலு கை மாறி வர்றப்ப வைரஸ் ஒட்டிக்கும். அந்த எண் இருந்தா விண்டோஸ்லயே இருக்குற செர்ட்யுடில் கட்டளைய வச்சு நெட் இல்லாம சரிபாத்துக்கலாம், புள்ளைங்க கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு எனக்கும் தைரியம் வரும். புதுப் பதிப்பு வந்தா அதயும் இதே மாதிரி ஃபைலா வைங்க, ஆறு மாசம் கழிச்சு வந்தாலும் எங்களுக்குப் பரவால்ல. சின்ன ஃபைல எடுத்துடுங்கன்னு நான் சொல்லல, அது இருக்கட்டும், பக்கத்துலயே நெட் இல்லாதவங்களுக்குன்னு தமிழ்ல எழுதி இன்னொரு லிங்க் வைங்க.

எங்க புள்ளைங்க இப்ப உ வரைக்கும் அந்தம்மா சொல்ற மாதிரியே சொல்லுதுங்க. ஊலேர்ந்து என் குரல்தான். வர்ற தைப்பூசத்துக்குத் தங்கச்சி மவன் மறுபடி ஊருக்கு வர்றான், அவன்கிட்ட 64 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு புதுசா வாங்கிக் கொடுத்திருக்கேன். அவன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி உங்க டவுன்லோட் பக்கத்த ஒரு தடவை திறந்து பாப்பான். தயவுசெஞ்சு அதுக்குள்ள முழு ஃபைலா போட்டு வைங்க.

இப்படிக்கு,
மோல்மீன் பக்கத்து கோவில் மண்டபத்துத் தமிழ் வகுப்பு சயாமா