தூணோரம் வந்து அமர்ந்தவருக்கு

எங்கள் பள்ளிப் பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், திருப்பூரில் எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் குடியிருப்போருக்கும் வணக்கம்.

நான்காம் வகுப்புச் சிறுமி திங்கட்கிழமை திரும்பி வந்தாள். இன்று வெள்ளி, ஐந்து நாளும் தவறாமல் வந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிள்ளைகள் கேலி செய்ததால், அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரை இங்கே மறுபடி எழுத எனக்கு மனமில்லை.

ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவளுடைய பெற்றோரிடம் எங்களுக்காகப் பேச, அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த ஒடியா இளைஞருக்கும், இரண்டு முறை அவர்கள் வீட்டுப் படியேறிய தலைமையாசிரியருக்கும், தம் பிள்ளைகளைத் தாமே அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைத்த மூன்று தாய்மாருக்கும் முதலில் என் நன்றி. ஆனால் இந்த மடலை நான் எழுதுவது எங்கள் சத்துணவுச் சமையலம்மாவுக்காக. "என் பேரெல்லாம் போட்றாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை எழுதவில்லை.

திங்களன்று மதியமும் அந்தச் சிறுமி வழக்கம்போல் முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு, வராந்தாவின் கடைசித் தூணோரம் போய் உட்கார்ந்தாள். சாம்பார்ச் சோறு அவளுக்கு இன்னும் பழகவில்லை. டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்த சமையலம்மா, அடுப்படியிலிருந்து தம்முடைய தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு நேராக அந்தத் தூணருகே போய், முழங்காலைப் பிடித்தபடி மெல்லத் தரையில் அமர்ந்தார். போசியில் இருந்தது பழைய சோறு. கூடவே நான்கு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். "உன்றதையும் தொற கண்ணு, பாக்கலாம்" என்றார். மொழி புரியாவிட்டாலும் அவள் திறந்தாள்.

டப்பாவில் இருந்ததும் பழைய சோறுதான்! ஒடிசாவில் அதற்குப் பக்காள என்று பெயர். இரவில் நீரூற்றிப் புளிக்க வைத்த சோறு. தொட்டுக்கொள்ள, உளுந்தை அரைத்துக் காயவைத்த, ஒடியாவில் 'படி' என்று சொல்லும் உருண்டைகளை வறுத்து நொறுக்கி, பூண்டும் மிளகாயும் சேர்த்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டதெல்லாம் அந்தக் கடுகெண்ணெய்க்குத்தான். சமையலம்மா அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "இது நம்மூட்டு வடகமாட்டத்தான் இருக்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு தம் வெங்காயத்தில் இரண்டை எடுத்து அவள் டப்பா மூடியில் வைத்தார். அவ்வளவுதான். அறிவுரை சொல்லவில்லை, யாரையும் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில், பட்டப்பெயர் வைத்தவர்களில் முதல்வனான பையனே தட்டோடு நகர்ந்து வந்து, "எனக்கும் ஒரு துளி" என்று கை நீட்டினான். காரம் தாங்காமல் அவன் குடித்த தண்ணீரையும், அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பையும் நான் மறக்கப்போவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நன்றிக்குப் பொருளில்லை. வகுப்பில் கேலி தொடங்கிய நாளில், "நாளையிலிருந்து இந்தச் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டாம்" என்று அவளிடம் சைகையால் சொன்னவள் நான்தான். சச்சரவு ஓயட்டும் என்று எண்ணிச் சொன்னேன். அவளுக்கோ, கேலி செய்தவர்கள் பக்கம் டீச்சரும் சேர்ந்துவிட்டார் என்றுதான் பட்டிருக்கும். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததையும், அதை எதிர்த்துப் பெரியார் போராடியதையும் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேசியவள் நான். என் வராந்தாவில் ஒரு பிள்ளை தூணோரம் தனியே உண்டதை, ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். அவளுடைய தாயிடம் இதை நேரில் சொல்லி வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு கிண்ணத்தில் பக்காள எடுத்து வந்து வைத்தார். பூரி ஜகந்நாதர் கோயிலிலும் இதை நைவேத்தியமாகப் படைப்பார்கள் என்று அந்த இளைஞர் சொன்னார்.

செவ்வாய் முதல் வகுப்பில் புதுப் பாடமொன்று நடக்கிறது. ஆசிரியை அவள், மாணவர்கள் நாங்கள். ஒடியாவிலும் நம்மைப் போலவே ளகரம் உண்டு என்பதால், 'பக்காள'வின் கடைசி எழுத்தை எங்கள் பிள்ளைகள் முதல் தடவையிலேயே திருத்தமாகச் சொல்லிவிட்டார்கள். முதல் எழுத்தை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை; உதட்டைக் குவித்து 'பொ' என்பது போல் சொல்ல வேண்டுமாம். ஒடிசா மக்கள் பக்காள நாளாகக் கொண்டாடும் மார்ச் 20 அன்று, அவரவர் வீட்டுப் பழைய சோற்றைக் கொண்டுவந்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவது என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். சின்ன வெங்காயம் உரித்துத் தரும் பொறுப்பைச் சமையலம்மா ஏற்றிருக்கிறார்.

இனி ஆசிரியர் அறையில் உண்பதில்லை என்று முடிவு செய்து, இன்று என் டப்பாவோடு வராந்தாவுக்குப் போனேன். தாமதமாகப் போனதால் எனக்குக் கிடைத்தது கடைசித் தூணோரம்தான். அந்தச் சிறுமி வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு ஆசிரியை