முரளிக்கு: ஜிடிஐயா, ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. சுமதிக்குப் பதவி உயர்வு, பாப்பா அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்று, அம்மாவும் உங்களோடு வந்தாகிவிட்டது. கேட்கவே சந்தோஷம். பழைய காராக ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வாங்கவா, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கவா, ஹோண்டா சிவிக் டைப் ஆர் மேலும் ஆசையாக இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். இந்த மூன்று சேதியிலேயே உன் கார் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

சிவிக் டைப் ஆர் ஆசையை விட்டுவிடு. 319 குதிரைத்திறன். இரண்டாவது கியர் முடிவதற்குள் 90ஐத் தாண்டிவிடும். நம் விரைவுச்சாலையில் உச்ச வரம்பே 90தான். மீதி நான்கு கியரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அகலமும் 1,890 மி.மீ. கார் நிறுத்தும் இடம் 2.4 மீட்டர் என்றால் பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம். அதில் அம்மா எப்படி இறங்குவார்? அது மேனுவலில் மட்டும்தான் வருகிறது என்பது இன்னொன்று. உன் உரிமம் 3, சுமதியுடையது ஆட்டோ மட்டுமே ஓட்டக்கூடிய 3ஏ. அவர் தொடவே முடியாது.

நம் ஊரில் தினமும் ஓட்டிச் சந்தோஷப்படுவது 40க்கும் 70க்கும் நடுவில்தான். அந்த வேகத்தில் ருசி தருவது குதிரைத்திறன் அல்ல. எடை குறைவு, என்ஜினின் தாழ்ந்த சுழற்சியிலேயே வரும் இழுவை, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்பது. இந்தக் கணக்கில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை அடிக்க ஆளில்லை. 1.4 டர்போ, 140 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் இழுவை, மேனுவலில் எடை 970 கிலோ. சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகளில் 50ல் போனாலே சிரிப்பு வரும். ஆறு வேக ஆட்டோவும் உண்டு, அது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்பதால் நெரிசலில் ஊர்ந்தாலும் உதறாது.

ஒரு பொடி விஷயம். 1.4 தானே, சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்குத் தரும் உரிமைச் சான்றிதழ், 'ஏ' பிரிவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் கார் 'ஏ' பிரிவில் வர 1,600 சிசியும் தாண்டக்கூடாது, 97 கிலோவாட்டும் தாண்டக்கூடாது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 103 கிலோவாட், அதனால் 'பி'. பின்னால் வந்த மைல்ட் ஹைப்ரிட், அதாவது சிறு மின்மோட்டார் துணைசெய்யும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 95 கிலோவாட், அது 'ஏ'வுக்குள் அடங்கும். பத்தாண்டு முடிந்து சிஓஇயைப் புதுப்பிக்கும்போது அந்தந்தப் பிரிவின் சிஓஇ விலையில் மூன்று மாதச் சராசரியைத்தான் கட்ட வேண்டும் என்பதால் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள். புதுப்பித்துவிட்டால் பார்ஃப் தள்ளுபடியும், அதாவது பத்தாண்டுக்குள் காரின் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகையும், போய்விடும். ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. விளம்பரத்தில் விலை மலிவாகத் தெரிவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஸ்விஃப்ட்டின் குறை பின்னால்தான். சாமான் வைக்க 265 லிட்டர் இடம். பாப்பாவின் இருக்கை, அம்மாவின் சக்கர நாற்காலி, ஜொகூர் போய் வாங்கிவரும் மூட்டை, எல்லாம் அடங்காது. கோல்ஃப் ஜிடிஐயில் 380 லிட்டர். ஆகவே உன் வீட்டுக்கு ஏழாம் தலைமுறை ஜிடிஐ, முடிந்தால் 2017க்குப் பிந்தைய, சற்றுப் புதுக்கிய 7.5. எட்டாம் தலைமுறை வேகம்தான், ஆனால் ஏர்கான் குளிரைக் கூட்டவே விரலால் தடவ வேண்டிய பட்டை, முதலில் வந்த கார்களில் இரவில் அதற்கு வெளிச்சமும் கிடையாது. நம் வெயிலுக்கு அது சரிவராது. சாலை வரி ஜிடிஐக்கு ஆண்டுக்குச் சுமார் 1,190 வெள்ளி, ஸ்விஃப்ட்டுக்கு சுமார் 610. பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு 10 விழுக்காடாக 50 வரை கூடும்.

டிஎஸ்ஜி, அதாவது ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோ கியர்பெட்டி, என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த டிஎஸ்ஜி என்று கேட்க வேண்டும். உதறி, சூடேறிப் பேர் வாங்கியது டிக்யு200, அதாவது உலர் கிளட்ச். போலோ ஜிடிஐயின் 1.4லும் 1.8 ஆட்டோவிலும் இருப்பது அதுதான். கோல்ஃப் ஜிடிஐயில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். ஆனால் ஆறு வேகப் பெட்டி என்றால் அந்த எண்ணெயையும் வடிகட்டியையும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். சூடு பார்க்காமல் ஊற்றினால் அளவு தப்பும், கியர் விழும்போது இடிக்கும். ரசீது இல்லாத காருக்கு இதற்கென்று ஒரு தொகையை விலையில் குறைத்துக் கேள். எந்த டிஎஸ்ஜி ஆனாலும் நெரிசலில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி அங்குலம் அங்குலமாக நகராதே, கிளட்ச் பாதி பிடித்தபடி தேயும். ஒரு கார் நீளம் விட்டு, சேர்த்து நகர். பல மாடி கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிப்பதும் அதே கேடு.

ஜிடிஐயை வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் கூலன்ட் தொட்டி, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் தொட்டி. என்ஜின் ஆறியிருக்கும்போது குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படு. என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் நீர்ப்பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கிறது. சூடேறி ஆறி, ஏறி ஆறி அது வளையும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் விடும். டார்ச் அடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்புப் பொருக்கு தெரியும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிற பட்டறையை நம்பாதே, கூட்டோடு மாற்றச் சொல்.

டயர் விஷயத்தில் என் பேச்சைக் கேள்: 18 அங்குலச் சக்கரத்தை விட 17. 18க்கான 225/40 டயரில் பக்கச்சுவர் 90 மி.மீ., 17க்கான 225/45ல் 101. இந்தப் பதினொரு மில்லிமீட்டர்தான் கார் நிறுத்துமிட வேகத்தடையிலும் நடைபாதை ஓரத்திலும் ரிம்மைக் காப்பாற்றும், அம்மாவின் இடுப்பையும். டயரில் தயாரித்த தேதியைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணைப் பார். 2322 என்றால் 2022ன் 23ஆவது வாரம். வெயிலில் கிடந்து இறுகிய ரப்பர், பள்ளம் ஆழமாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழையில் வழுக்கும்.

என்ஜின் மேப்பை ஏற்றிய, அதாவது திறனைக் கூட்ட என்ஜினின் கணினி நிரலை மாற்றிய, காரைத் தொடாதே. அனுமதியில்லாத மாற்றம் என்றால் பரிசோதனையில் சிக்கும், காப்புறுதியும் கைவிரிக்கும்.

கடனும் பார்: திறந்த சந்தை மதிப்பு, அதாவது இறக்குமதியின்போது சுங்கத்துறை போடும் மதிப்பு, 20,000 வெள்ளியைத் தாண்டினால் விலையில் 60 விழுக்காடுதான் தருவார்கள், ஏழாண்டுக்குள் அடைக்க வேண்டும்.

பிடித்த கார் ஏதாவது கண்ணில் பட்டால் பதிவுத் தேதி, எத்தனை கை மாறியது, பராமரிப்பு ரசீதுகள் மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமரேசன்