சங்க ஆண்டறிக்கை 2024-25: இந்த வருஷம் பூரா டீத்தூள் பேச்சுதான்

தலைவர் அண்ணாச்சி, பொருளாளர், பெங்களூருல அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கமெல்லாம் கடையை பசங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வந்திருக்கிற டீக்கடை, டிபன் கடை ஓனருங்க எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி மாசாமாசம் கூடுச்சு, பொங்கலுக்கு காலண்டர் போட்டோம், சிலிண்டர் விஷயம் இன்னும் இழுபறி, கணக்கை பொருளாளர் வாசிப்பாரு. நான் தூளைப் பத்தித்தான் பேசப்போறேன், ஏன்னா வருஷம் பூரா நாம சத்தம் போட்டது அதுக்குத்தான்.

ஆரம்பிச்சது ஆடி மாசக் கூட்டத்துல. லைன்ல வந்து போடுறவர்கிட்ட மலிவா வாங்கின டஸ்ட் டீத்தூளை ஒரு உறுப்பினர் கொண்டுவந்தாரு, டிக்காஷன் செக்கச்செவேல்னு இறங்குது, தூளும் கம்மியா போதும்னு ஒரே புகழ்ச்சி. ஃபில்டர் பேப்பர்ல ஒரு சிட்டிகை பரப்பி தண்ணி தெளிச்சோம், கொஞ்ச நேரம் விட்டு தூளைத் தட்டிட்டு லைட்டுக்கு நேரா பிடிச்சா பேப்பர்ல ஆரஞ்சும் சிவப்புமா திட்டு திட்டா கறை. டீத்தூள்ல கலரே சேர்க்கக்கூடாதுங்கிறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி, பிடிபட்டா கேஸ் முதல்ல நம்ம கடை மேலதான் வரும், மூட்டை போட்டவன் அன்னிக்கு போனையே எடுக்கமாட்டான். பில் இல்ல, பாக்டரி பேரு இல்ல, சாக்குல ஒரு நம்பர் கூட இல்ல.

அப்புறம்தான் கமிட்டில நாலஞ்சு பேரு குன்னூர், கோத்தகிரி பக்கம் போய்ப் பாத்துட்டு வந்தோம். அங்க இருக்கிறவங்க முக்காவாசி சின்ன விவசாயிங்க. மத்திய அரசோட டீ போர்டு கணக்குப்படி 25 ஏக்கர் வரைக்கும் சின்ன விவசாயிதான், ஆனா நாங்க பாத்தவங்களுக்கு அரை ஏக்கர் ஒரு ஏக்கருதான். நாட்டோட மொத்த தேயிலைல ஏறக்குறைய பாதி இவங்க கொடுக்கிற இலைதானாம். நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போனாத்தான் ஒரு கிலோ தூள், அந்த இலைக்கு கட்டுபடியாகிற விலை கேட்டுத்தான் 2023ல அந்தப் பக்கம் உண்ணாவிரதமே இருந்தாங்க. நம்ம சங்கத்துலயே சிலோன்ல இருந்து திரும்பி வந்து டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தோட லைன் வீடுகள்ல வளர்ந்தவங்க இருக்காங்க, அவங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல.

ஒரு பாக்டரில இலை எடை போடுற ஷெட்ல ஒரு அம்மா நோட்டு காட்டினாங்க. எந்த மருந்து, எந்தத் தேதி அடிச்சது, எப்ப பறிச்சது எல்லாம் பேனாவால எழுதி வெச்சிருக்காங்க. இதான் டிரஸ்ட்டீ (trustea), 2013ல டீ போர்டு, இந்துஸ்தான் யூனிலீவர், டாடா, ஒரு நெதர்லாந்து அமைப்பு எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச இந்தியச் சான்றிதழ். டீ போர்டு அனுமதிச்ச மருந்து மட்டும் அடிக்கணும், அடிச்ச உடனே பறிக்கக்கூடாது, மருந்து அடிக்கிறவருக்கு கையுறை மாஸ்க் வேணும், சின்னப் பசங்களை வேலைக்கு வைக்கக்கூடாது, இதையெல்லாம் வெளியாளு வந்து செக் பண்ணுவாங்க. பாக்கெட்ல பச்சைத் தவளை போட்டு வருதே ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், அதுவும் இதே ரூட்டுதான், ஏற்றுமதிக்குப் போற சரக்குல அதிகம். விலை ஏறுச்சாம்மானு கேட்டோம், "விலை எங்கங்க ஏறுது, எழுதற வேலைதான் ஏறியிருக்கு"னாங்க. கம்பெனிங்களுக்கு பேரு, இவங்களுக்கு நோட்டுன்னு எனக்குப் பட்டுச்சு. ஆனா அந்த நோட்டு இருக்கிறதாலதான் நம்ம மூட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போய்ப் பிடிக்க முடியும், அந்த வசதியை விடக்கூடாது.

மார்கழிக் கூட்டத்துல பெரிய வாக்குவாதம். கஸ்டமர் கிளாஸைப் பாப்பானா முத்திரையைப் பாப்பானா, லூஸ் மூட்டைல லோகோவே கிடையாது, கிலோவுக்கு கூடக் கொடுத்து நமக்கென்ன லாபம்னு ஒரு தரப்பு. நியாயமான கேள்விதான், நான் மறுக்கல. கடைசில ஒத்துக்கிட்டது இது: சான்றிதழ் இருக்கிற ஒரே பாக்டரில சங்கம் மொத்தமா வாங்கும், நடுவுல புரோக்கர் கிடையாது, மூட்டைல பாக்டரி பேரும் லாட் நம்பரும் இருக்கணும், பணம் கடன் சொல்லாம உடனே போயிடணும், கடன் வெச்சா அந்த பாரம் இலை போட்டவங்க தலைலதான் விழும். புரோக்கர் கமிஷன் மிச்சமாகிறதால விலை வித்தியாசம் பெருசா தெரியாதுன்னு பொருளாளர் சொல்றாரு, பாப்போம்.

வர்ற மாசம் 10ம் தேதிக்குள்ள யாருக்கு எத்தனை கிலோன்னு எழுதிக் கொடுத்துடுங்க. சாம்பிள் பொட்டலம் பின்னாடி பெஞ்சுல இருக்கு, வீட்டுப் பால்ல போட்டுப் பாத்துட்டு நல்லா இல்லன்னு சொல்லாதீங்க, உங்க கடைப் பால்ல, உங்க பாய்லர்ல போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க.