குடியிருப்போர் நலச்சங்கம், சேலம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு 9 முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தன. ஆகஸ்டில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். மூன்றாவது குறுக்குத் தெருவில் எரியாமல் கிடந்த 4 விளக்குகள் மனு கொடுத்த பிறகு மாற்றப்பட்டன. நவம்பரில் கொசு மருந்து அடிக்கப்பட்டது. காலமான மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி குப்பைக்கு வருகிறேன். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. இதைப் பற்றித்தான் அதிகம் கேள்வியும் வந்தது. அதனால் விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது.

பூங்காவின் வடக்கு மூலையில் நான்கு சிமென்ட் உறைகள் இறக்கி மட்கும் குப்பையை உரமாக்கத் தொடங்கியது ஜூலையில். கிணற்றுக்கு இறக்குகிறோமே, அதே உறைதான். பக்கவாட்டில் காற்றுக்குத் துளை போட்டோம். உறை, வண்டி வாடகை, கூலி, மூடி எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய். பொதுக்குழுவைக் கேட்காமல் செயலாளர் எப்படிச் செலவழிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். ஜூன் மாதச் செயற்குழுவில் தீர்மானம் போட்டுத்தான் செய்தோம். தீர்மானப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு போயும் வராதவர்களே பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஏன் இந்த வேலை என்பதற்கு என் பதில் ஒன்றுதான். நம் வீட்டுக் குப்பை வாசலைத் தாண்டியதும் மறைந்துவிடுவதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில் செட்டிச்சாவடிக்குப் போய்க் குவிகிறது. மட்குவது, மட்காதது, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதி வந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் 128 வீடுகளில் ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பவை 34.

அக்டோபரில் அடைமழை பெய்தபோது நாற்றம் வந்தது உண்மை. புழுவும் வைத்தது. எதிர்வீட்டுக்காரர்கள் கோபப்பட்டதில் தவறில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டேன். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே சோறும் சாம்பாரும் சேறு மாதிரிக் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான் கை கொடுத்தார். “சார், எலை பத்தல. சோத்த மட்டும் கொட்டிக்கிட்டே இருந்தா நாறத்தான் செய்யும்” என்றார். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் வெளியே வாரினோம். ஒரு கை ஈரக்குப்பை, அதன் மேல் இரண்டு கை காய்ந்த சருகு, கொஞ்சம் பழைய உரம் என்று அடுக்கு அடுக்காகத் திரும்பப் போட்டோம். நான்காம் நாள் உள்ளே கம்பியை விட்டு எடுத்தால் தொட முடியாத சூடு. நாற்றமும் போய்விட்டது. காற்றும் சருகும் இல்லாமல் வெறும் உணவை அடைத்து வைத்தால் அழுகும், இரண்டும் இருந்தால் மட்கும். இவ்வளவுதான் விஷயம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சருகை வீணாக்கவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் புங்க மரங்கள் கொட்டும் இலையைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தி, 40 சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். மழைக்காலம் வரை போதும். ஒரு வேண்டுகோள்: மாம்பழக் காலத்தில் கொட்டையை இதில் போடாதீர்கள். நம் ஊரில் அது கூடை கூடையாக வரும். 45 நாளில் தோல் மட்கிவிடும், கொட்டை அப்படியே கிடக்கும்.

இதுவரை மூன்று முறை உரம் எடுத்தோம். சலித்துப் பூங்காவுக்கும் கேட்ட வீடுகளுக்கும் கொடுத்தோம். பேப்பர், பாட்டில், அட்டை விற்று வந்த சிறு தொகையைத் தூய்மைப் பணியாளர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

உணவு வீணாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் சங்க விழாவிலேயே நடந்தது. பொங்கல் விழாச் சாப்பாட்டுக்கு 150 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது 94 பேர். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னவர்கள் மூன்று வீட்டார் மட்டுமே. இரவு ஒன்பதரை மணிக்குச் சாம்பார் சாதம் ஒரு அண்டா, கேசரி அரை அண்டா, தயிர் சாதம், பொரியல் எல்லாம் மிச்சம். இளைஞர்கள் இருவர் ஆட்டோ பிடித்துச் சாம்பார் சாதத்தையும் கேசரியையும் அரசு மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோய், நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். தயிர் சாதமும் தேங்காய் போட்ட பொரியலும் இனித் தாங்காது என்று சமையல்காரரே சொல்லிவிட்டார். மிச்ச உணவைக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. கெடாத, பாதுகாப்பான உணவைத்தான் கொடுக்கலாம். அதனால் அவற்றை உறையில்தான் கொட்டினோம். அன்று இரவு அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தவன் நான். பக்கத்தில் நின்ற பையன் ஒன்றும் பேசாமல் இருந்தான். எனக்கு மனசு ஆறவில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. தோல், கொட்டை எல்லாம் சேர்த்துத்தான். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 கிலோ. உரமாக்குவது இரண்டாவது வேலை, மிச்சமாகாமல் சமைப்பதுதான் முதல் வேலை. அடுத்த பொங்கலுக்குப் பெயரோடு 100 ரூபாய் டோக்கனும் வாங்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அப்புறம், “அரசாங்கம்தான் குப்பைக்குக் கோடிக்கணக்கில் தருகிறதே, அதை வாங்க வேண்டியதுதானே” என்று பலர் கேட்கிறார்கள். இதற்காகப் பலமுறை அலைந்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. திடக்கழிவுப் பணிகளுக்கு, 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் பங்கு 33 சதவீதம். சேலம் அந்த வகையில்தான் வருகிறது. ஆனால் அந்தப் பணம் நகர நிர்வாகத்துக்கு வருவது. நம்மைப் போன்ற சங்கம் மனு எழுதி வாங்கக்கூடியது இல்லை. நமக்குத் திறந்திருக்கும் கதவு மாநில அரசின் நமக்கு நாமே திட்டம். 1997–98இல் வந்து, 2021இல் மறுபடி கொண்டுவரப்பட்ட திட்டம். மக்கள் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலை என்றால் பாதி கட்ட வேண்டும்.

நாம் நினைத்தது கூரை போட்ட சிறு உரக்கூடம், நான்கு தொட்டி, சருகு தூளாக்கும் இயந்திரம். தெரிந்த பொறியாளரை வைத்துப் போட்ட உத்தேச மதிப்பீடு 4,50,000 ரூபாய். நம் பங்கு 1,50,000. வீட்டுக்கு 1,200 ரூபாய் வைத்தால் முடிந்துவிடும். கொடுத்தவை 52 வீடுகள், சேர்ந்தது 62,400 ரூபாய். 3 லட்சம் வரக்கூடிய இடத்தில் 87,600 ரூபாய் குறைந்ததால் விண்ணப்பமே கொடுக்க முடியவில்லை. நவம்பரிலிருந்து மூன்று முறை வீடு வீடாகப் போனேன். “அடுத்த மாசம் பாக்கலாம்” என்ற பதிலை ஒரே வீட்டில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். முடியாதவர்களைச் சொல்லவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் அம்மா ஒருவர் நூறு நூறாக ஆறு மாதத்தில் 600 ரூபாய் கொடுத்து, மீதியையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது மேற்சொன்ன கணக்கில் சேராமல் தனியே இருக்கிறது.

ஆண்டுச் சந்தாவும் இப்படித்தான். மாதம் 50 ரூபாய், ஆண்டுக்கு 600. முழுதாகக் கட்டியவர்கள் 71 வீடு. இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி 19 வீடு. பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்று யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் நாம். இன்றைய கூட்டமும் பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது, போதிய ஆள் சேராமல் அரை மணி ஒத்திவைத்து 23 பேரோடு தொடங்கியிருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய பற்றாக்குறை இல்லை, பெரிய மிச்சமும் இல்லை. உரக்கூடத்துக்கு வந்த தொகை தனிக் கணக்கில் தொடாமல் இருக்கிறது. திரும்ப வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பித் தரப்படும், இதுவரை யாரும் கேட்கவில்லை.

மாநகராட்சி அலுவலர்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும், பந்தல் இலவசமாகப் போட்டுக்கொடுத்த உறுப்பினருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். அரசு கூடத்தைக் கட்டிக்கொடுத்தாலும் கிளறிவிட, சலிக்க ஆள் வேண்டும். அந்தச் செலவு நம்முடையதுதான். இதுவரை வாரம் இருமுறை நான் கிளறுகிறேன். எனக்கு 64 வயது, முதுகு வலி கூடிவிட்டது. வேறு யாராவது பொறுப்பேற்றால் சாவியை மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன், பாதியில் விட மனமில்லை. செப்டம்பருக்குள் நம் பங்கு சேர்ந்தால் இந்த நிதியாண்டிலேயே விண்ணப்பித்துவிடலாம். மீதமுள்ள 76 வீடுகளில் 73 வீடுகள் கொடுத்தாலே தொகை நிறைந்துவிடும்.

வாசல் மேசையில் இரண்டு கிலோ உரப் பைகள் 30 இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு நோட்டில் வீட்டு எண் எழுதவும். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கிறது, கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்