பொருள்: ஃபியூஸ் போடாமல் பொருத்தப்பட்ட எச்சரிக்கை விளக்கு, வயர் எரிந்தது தொடர்பாக

அனுப்புநர்: மீட்பு வண்டி உரிமையாளர், தண்டையார்பேட்டை, சென்னை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

என் ரெக்கவரி வண்டியின் கேபின் மேல் மஞ்சள் ஃபிளாஷர் விளக்குப் பட்டையை விற்றதும் நீங்கள்தான், ஆள் அனுப்பிப் பொருத்தியதும் நீங்கள்தான். ஃபிட்டிங் சார்ஜ் தனியாகப் பில்லில் இருக்கிறது. போன வாரம் அந்த வயர் எரிந்தது. போனில் கேட்டால், "விளக்குக்குத்தான் வாரண்டி, வயரிங்குக்குக் கிடையாது" என்கிறார் உங்கள் ஊழியர். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நடு ராத்திரியில், எண்ணூர் விரைவுச் சாலையில், அச்சு உடைந்த கன்டெய்னர் லாரி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தோம். திருவொற்றியூர் தாண்டும்போது சீட்டுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை. டிரைவர் விளக்கின் சுவிட்சை அணைத்தார், புகை நிற்கவில்லை. இறங்கி ஓடி, வண்டியின் கரண்டையே துண்டிக்கும் மெயின் சுவிட்சான பேட்டரி கட்-ஆஃபைத் திருப்பினார், அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் ஸ்பேனர் போட்டு பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. அன்று பின்னால் இருந்தது வெறும் கன்டெய்னர். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வரும் டேங்கரையும் இதே வண்டிதான் இழுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் சீட்டைத் தூக்கிப் பிரித்துக் காட்டினார். கேபின் தகட்டில் உங்கள் ஆள் டிரில் போட்டு, பிசிறைக்கூட ராவாமல், ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லாமல் வயரை நுழைத்திருக்கிறார். வண்டி ஆடும் ஆட்டத்தில் தகட்டின் விளிம்பு தோலை அறுத்து, செம்பு பாடியில் உரசியிருக்கிறது. அந்த இடம் சுவிட்சுக்கு முன்னாலேயே வருகிறது, சுவிட்சை அணைத்து என்ன பயன்? பேட்டரியிலிருந்து அந்த ஓட்டை வரைக்கும் வயர் முழுக்க ஹீட்டர் கம்பி மாதிரி காய்ந்திருக்கிறது. வழியில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை.

இதை உங்கள் டெக்னீஷியனிடம் கேட்டபோது, "ஃபியூஸ் போட்டா அடிக்கடி போகும், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க" என்றார். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது டேஷ்போர்டு பக்கம் அல்லாமல் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். 72 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸும், அதைத் தாங்குகிற தடிமனில் வயரும் போட்டிருந்தால், தோல் அறுந்த அந்த நொடியே ஃபியூஸ் போய்க் கதை முடிந்திருக்கும்.

12 வோல்ட் என்றேன், கவனித்தீர்களா? என் வண்டி 24 வோல்ட். பில்லிலும் 24 என்றுதான் போட்டிருக்கிறீர்கள். விளக்கின் அடியில் ஒட்டிய லேபிளில் 12. அதைச் சமாளிக்க, இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கம்பியிலிருந்து, அதாவது ஒரே பேட்டரியிலிருந்து, கரண்ட் எடுத்திருக்கிறார். கட்-ஆஃப் இருப்பது மற்ற பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளில், அதனால் இந்த வயரை அது தொடவே இல்லை. ராத்திரி முழுக்க ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ இரண்டையும் சேர்த்தே ஏற்றும். இறங்கியது முழுதாக ஏறுவதில்லை, மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றுகிறது. இரண்டு பேட்டரியும் புதுசு, ஜோடியாகவே மாற்ற வேண்டியதாகிவிட்டது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டிருக்கலாம், அல்லது பில்லில் எழுதிய விளக்கையே கொடுத்திருக்கலாம்.

எர்த் வயரை, கரண்ட் கடத்தாத பெயின்ட் மேலேயே போல்ட் வைத்து முறுக்கியிருந்ததையும், ஜாயின்ட்டில் வெறும் டேப் சுற்றி, அது கோந்தாக உருகி வழுக்கியிருந்ததையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். செம்பு பச்சை பூத்ததற்கு "கடல் காற்று சார்" என்று பதில் வந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றுதான். இங்கே கடை வைத்திருப்பவருக்கு அது புதுச் செய்தியா?

இன்னொன்று. வாங்கும்போது சிவப்பு, நீலம் கலந்த பட்டையை "எல்லாரும் போடுறாங்க" என்று தள்ளப் பார்த்தார் உங்கள் விற்பனையாளர். 2017 மே 1 முதல் மந்திரிகள் காரிலேயே சிவப்பு விளக்கு கிடையாது. இழுவை வண்டிக்காரன் தலையில் கட்டாதீர்கள்.

விளக்கு, ஃபிட்டிங் இரண்டின் பணமும் திரும்ப வேண்டும். பேட்டரி ஜோடிக்கும் மறு வயரிங்குக்கும் ஆன செலவைத் தர வேண்டும். அதைவிட முக்கியம், இதே ஆள் பொருத்திய மற்ற வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு ஃபியூஸ் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். ஹார்பருக்கு வரும் லாரிகளில் உங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய பட்டைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணமும் இல்லை. எரிந்த வயர், லேபிளோடு விளக்கு, பழைய பேட்டரிகள் எல்லாம் என் ஷெட்டில் பத்திரமாக இருக்கின்றன. வந்து பார்ப்பதென்றால் பகலில் வாருங்கள், ராத்திரியில் வண்டி வேலைக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
மீட்பு வண்டி உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள், எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பு.