வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால் குற்றம் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் தங்கையோடு வடபழனியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த குழந்தையின்மை ஆலோசனை முகாமுக்குப் போயிருந்தேன். அவளுக்கு 43 வயது, கல்யாணமாகி 11 வருஷம், இங்கேயே இரண்டு தடவை ஐவிஎஃப் என்கிற சோதனைக் குழாய் சிகிச்சை செய்தும் கரு தங்கவில்லை, யார் எந்த வாசலைக் காட்டினாலும் போய் நிற்கிற நிலைமை. அங்கே பேசியவர் டாக்டர் இல்லை, ஏஜென்ட். கருமுட்டை கொடுக்கும் பெண்களின் படங்களை, கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டைப் பிரிக்கிற மாதிரி, டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்: உயரம், நிறம், படிப்பு. சிகிச்சை நடக்கும் இடம் மத்தியதரைக் கடல் தீவில் இருக்கிற வடக்கு சைப்ரஸ், விமான டிக்கெட்டும் தங்குமிடமும் பேக்கேஜிலேயே அடக்கம். அப்புறம் மெதுவாக, "பையனே வேணும்னாலும் அங்க பண்ணித் தருவாங்க மேடம், கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்" என்றார். நோட்டீஸிலும் அது 'ஃபேமிலி பேலன்சிங்' என்று அச்சாகியிருந்தது.

கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்கே கிடைத்தாலும் சரி, அதை இங்கே விளம்பரம் செய்வதே பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டப்படி குற்றம், 3 வருஷம் வரை சிறை உண்டு. அதை ஆற்காடு சாலையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து விற்கிறார்கள்.

"இந்தப் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் எத்தனை தடவை முட்டை எடுத்திருக்காங்க?" என்று நான் கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார். எதுக்கா? ஊசிமேல் ஊசியாகப் போட்டு முட்டையை வளர்க்கும்போது சில பெண்களுக்கு வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிறது. அதனால்தான் செயற்கைக் கருத்தரிப்புக்கான நம் 2021 சட்டத்தில், முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு 12 மாதம் காப்பீடு போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் முட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊரில், டேப்லெட்டில் படம் காட்டிய அந்தப் பெண்ணுக்காக யார் கேட்பார்கள்?

ஒரு காலத்தில் வெளிநாட்டார் மலிவாக இருக்கிறதென்று இங்கே வந்தார்கள். 2008இல் ஜப்பான் தம்பதிக்காக குஜராத்தில் வாடகைத் தாய் பெற்ற குழந்தை, அவர்கள் அதற்குள் விவாகரத்து செய்துகொண்டதால், ஊர் போய்ச் சேர வழியில்லாமல் மாதக்கணக்கில் இங்கேயே இருந்தது. நம் பெண்களுக்கு நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டுத் தடுத்ததை, இன்னொரு நாட்டுப் பெண்ணுக்குச் செய்யப் பணம் கட்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தை இல்லாத வேதனையை வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், போகிறவர்களைக் குறை சொல்லவில்லை.

அரசு பிடிக்க வேண்டியது ஏஜென்டுகளை. சென்னையில் ஆள் சேர்ப்பவர் சென்னையில் பதிவு செய்திருக்க வேண்டும். தானம் தருபவரின் வயது, அவர் எத்தனாவது தடவை தருகிறார், எத்தனை கரு வைப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்த பிறகே பணம் வாங்க வேண்டும். எங்களிடம் நீட்டிய ஒப்புதல் படிவம் 14 பக்கம், அத்தனையும் ஆங்கிலம், தங்கை கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவையே எடுத்துவிட்டாள்.

அந்த நோட்டீஸை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சுகாதாரத் துறையிலிருந்து யார் கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை